டேப்பிலிருந்து எழுந்த சர்வர்: மாற்றுத் தொடக்கச் சாதனம் குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

இது ஒரு விநியோக நிறுவனத்தின் மையச் சர்வரைப் பற்றிய ஆய்வு. பவர் 8 செயலி, ஐபிஎம் ஐ 7.3 இயங்குதளம், பெட்டிக்குள்ளேயே வட்டுகள், ஒரே பார்ட்டிஷன் (சர்வருக்குள் தனியாக இயங்கும் பிரிவு), அதை நிர்வகிக்க எச்எம்சி எனப்படும் ஒரு தனிக் கட்டுப்பாட்டுக் கணினி. ஆர்டர், கையிருப்பு, பில், கணக்கு என்று நிறுவனத்தின் அன்றாடம் முழுக்க அந்த ஒரே இயந்திரத்தில் ஓடியது. பேக்கப்பில் யாரும் அலட்சியமாக இருக்கவில்லை. ஒவ்வோர் இரவும் டேப் மாற்றினார்கள், பதிவேட்டில் கையெழுத்துப் போட்டார்கள், கார்ட்ரிட்ஜ்கள் வேறு கட்டடத்துக்குப் போய் வந்துகொண்டிருந்தன. அப்படியிருந்தும் தொடக்க நிரல் இருக்கும் லோட் சோர்ஸ் வட்டு போன அன்று, கைக்கெட்டிய எந்த டேப்பிலிருந்தும் சர்வர் எழவில்லை. மீட்புக்கு அழைக்கப்பட்ட குழுவில் நானும் இருந்தேன்.

தரவு டேப்பில் இருப்பதும், அந்த டேப்பிலிருந்து சர்வர் தொடங்குவதும் தனித்தனி விஷயங்கள். முதலாவதைப் பேக்கப் அறிக்கை சொல்லிவிடும். இரண்டாவதைத் தொடங்கிப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள முடியும். அந்தச் சர்வரில் முதலாவது ஒவ்வோர் இரவும் நடந்தது. இரண்டாவது ஒருமுறைகூட நடக்கவில்லை.

என்ன உடைந்தது

லோட் சோர்ஸ் என்பது ஐபிஎம் ஐ சர்வரின் முதல் வட்டு. இயங்குதளத்துக்கும் கீழே இயங்கும் அடிப்படை நிரலான லைசென்ஸ்டு இன்டர்னல் கோட், சுருக்கமாக எல்ஐசி, அதில்தான் இருக்கும். சர்வருக்கு மின்சாரம் கொடுத்ததும் முதலில் படிக்கப்படுவது அதுவே. இந்தச் சர்வரில் வட்டுகள் ஜோடி ஜோடியாக மிரரிங் செய்யப்பட்டிருந்தன, அதாவது ஒன்றில் எழுதுவது மற்றதிலும் அப்படியே எழுதப்படும். லோட் சோர்ஸ் ஜோடியில் ஒரு வட்டு முன்பே நின்றுபோயிருந்தது. மிரரிங் இடைநிறுத்தப்பட்டது என்ற செய்தி, ஆபரேட்டருக்கான க்யூசிஸ்ஓபிஆர் செய்தி வரிசைக்கு வந்திருக்கிறது. ஆனால் அந்த வரிசையில் பிரிண்டர் தாள் தீர்ந்த செய்திகளே ஆயிரக்கணக்கில் குவிந்து கிடந்தன. வட்டுச் செய்தி அதற்குள் அமுங்கிவிட்டது. பிறகு ஜோடியின் மற்ற வட்டும் போனது.

மற்ற வட்டுகள் எல்லாம் நலமாகத்தானே இருந்தன, அவற்றில் உள்ள தரவைக் காப்பாற்ற முடியாதா என்று நிர்வாகத்தில் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் ஐபிஎம் ஐ தரவை வைக்கும் விதம் வேறு. எல்லா வட்டுகளையும் ஒரே நினைவகப் பரப்பாகப் பார்த்து, ஒவ்வொரு கோப்பையும் பல வட்டுகளில் பரப்பி எழுதும். ஒரே புத்தகத்தின் பக்கங்களைப் பல வீடுகளில் பிரித்து வைத்ததுபோல. ஒரு வீடு எரிந்தால் எந்தப் புத்தகமும் முழுதாக மிஞ்சாது. பாதுகாப்பில்லாத நிலையில் ஒரு வட்டு போனால் அது இருந்த சேமிப்புக் குழு முழுவதும் போனதாகவே கொள்ள வேண்டும். இந்தச் சேமிப்புக் குழுக்களை ஏஎஸ்பி என்பார்கள்; இங்கே இருந்தது சிஸ்டம் ஏஎஸ்பி ஒன்று மட்டுமே. ஆகவே புது வட்டு போட்டு, எல்ஐசியிலிருந்து தொடங்கி, எல்லாவற்றையும் டேப்பிலிருந்து திரும்ப ஏற்றுவதைத் தவிர வேறு வழியில்லை.

டேப்பிலிருந்து தொடங்குவது எப்படி நடக்கிறது

1988-இல் ஏஎஸ்/400 வந்த காலந்தொட்டு இந்தக் குடும்பத்துச் சர்வர்களில் தொடக்கத்துக்கு, அதாவது ஐபிஎல்லுக்கு, ஏ, பி, சி, டி என்று நான்கு வகைகள் உண்டு. ஏ என்றால் லோட் சோர்ஸில் உள்ள எல்ஐசியின் நிலையான பிரதியிலிருந்து தொடங்கும். பி என்றால் தற்காலிகத் திருத்தங்கள் சேர்ந்த பிரதியிலிருந்து; அன்றாடம் சர்வர் ஓடுவது இதில்தான். சி வன்பொருள் சேவையாளர்களுக்கானது, மற்றவர்கள் தொடவே கூடாது. டி என்றால் லோட் சோர்ஸை விட்டுவிட்டு, மாற்றுத் தொடக்கச் சாதனத்தில் உள்ள ஊடகத்திலிருந்து எல்ஐசியைப் படிக்கும். அந்தச் சாதனம் டேப் டிரைவாக இருக்கலாம், ஒளிவட்டு டிரைவாகவும் இருக்கலாம்.

டி வகையைத் தேர்ந்தெடுப்பதோடு வேலை முடியாது. முறை மேனுவலில் இருக்க வேண்டும். நார்மல் முறையில் டி கொடுத்தால் சர்வர் தானியங்கி நிறுவல் என்று எடுத்துக்கொள்ளும். மீட்பு வேளையில் ஒவ்வொரு திரையிலும் நின்று முடிவெடுக்க வேண்டியிருப்பதால் அது ஆகாது. எச்எம்சி இல்லாத சர்வர்களில் முன்பக்கக் கட்டுப்பாட்டுப் பலகையில் 02 என்ற செயல்பாட்டின் வழியே வகையையும் முறையையும் மாற்றலாம். எச்எம்சி இருந்தால் பார்ட்டிஷனின் பண்புகளில் மாற்ற வேண்டும்.

அடுத்தது டேப். ஏதாவது ஒரு பேக்கப் டேப் இதற்குப் போதாது. சிஸ்டத்தைச் சேமிக்கும் எஸ்ஏவிசிஸ் கட்டளை எழுதிய டேப்பில்தான் எல்ஐசி இருக்கும், அதுவும் டேப்பின் தொடக்கத்திலேயே இருக்கும். சேமிப்புக்கான கோ சேவ் மெனுவில் 21-ஆம் தேர்வு முழு சர்வரையும் சேமிக்கும். 22 சிஸ்டம் தரவை மட்டும். 23 பயனர் தரவை மட்டும். 21, 22 இரண்டும் எஸ்ஏவிசிஸ் கட்டளையை ஓட்டும். 23 ஓட்டாது. எவ்வளவு புதிதாக இருந்தாலும், எவ்வளவு முழுமையாக இருந்தாலும், 23-இல் எடுத்த டேப்பிலிருந்து சர்வர் எழாது.

இந்த நிறுவனத்தில் ஒவ்வோர் இரவும் எடுத்தது 23. சிஸ்டம் தரவுக்கான 22, ஐபிஎம் தரும் நிரல் திருத்தங்கள் போடும் முன்பு மட்டும். அதில் தவறில்லை, பலரும் அப்படித்தான் செய்கிறார்கள். எஸ்ஏவிசிஸ் ஓட சர்வரை ரிஸ்ட்ரிக்டட் நிலைக்குக் கொண்டுவர வேண்டும், எல்லாத் துணை அமைப்புகளையும் நிறுத்த வேண்டும். இரவிலும் ஆர்டர் வரும் இடத்தில் அதற்கு நேரம் கேட்டு வாங்குவது எளிதல்ல. ஆனால் கடைசி 22-க்குப் பிறகு அந்தச் சர்வரில் ஒரு பெரிய மாற்றம் நடந்திருந்தது. பழைய எல்டிஓ-6 டிரைவை எடுத்துவிட்டு, எல்டிஓ-8 டிரைவைப் பொருத்தியிருந்தார்கள். எல்டிஓ என்பது டேப்பின் வகை, எண் அதன் தலைமுறை.

முதல் முட்டுக்கட்டை: எந்த அட்டை

புது வட்டு பொருத்தியாயிற்று. எஸ்ஏவிசிஸ் என்று எழுதியிருந்த கார்ட்ரிட்ஜைப் புது டிரைவில் போட்டாயிற்று. எச்எம்சியில் டி, மேனுவல். பார்ட்டிஷனைத் தொடங்கியபோது மாற்றுத் தொடக்கச் சாதனம் கிடைக்கவில்லை என்ற பொருளில் குறியீடு வந்து நின்றது. டிரைவின் முகப்பில் விளக்கு அசையவே இல்லை. படிக்க முயன்று தோற்றால் டிரைவ் சற்றாவது ஓடும். இங்கே டிரைவை யாரும் கூப்பிடவே இல்லை.

காரணம், பார்ட்டிஷனின் அமைப்பு விவரங்களை எச்எம்சியில் வைத்திருக்கும் பார்ட்டிஷன் புரொஃபைலில் இருந்தது. எச்எம்சியின் கீழ் இயங்கும் ஐபிஎம் ஐ பார்ட்டிஷனில், மாற்றுத் தொடக்கச் சாதனம் எந்த அட்டையின் பின்னால் இருக்கிறது என்று புரொஃபைலில் அடையாளமிட வேண்டும். சர்வர் தானாக எல்லா அட்டைகளையும் துழாவாது. அடையாளமிட்ட அட்டையை மட்டும் பார்க்கும். எல்டிஓ-6 டிரைவ், சாதனங்களைச் சர்வரோடு இணைக்கும் ஒரு எஸ்ஏஎஸ் அட்டையில் இருந்தது. எல்டிஓ-8 டிரைவ் வந்தபோது அதை வேறொரு அட்டையில் இணைத்திருந்தார்கள். ஐபிஎம் ஐ ஓடிக்கொண்டிருந்தபோது இதனால் எந்தச் சிக்கலும் வரவில்லை. இயங்குதளம் புது டிரைவைக் கண்டுபிடித்துப் பெயர் கொடுத்து இரவு பேக்கப்பை எழுதிவந்தது. ஆனால் புரொஃபைலின் அடையாளம் பழைய அட்டையிலேயே இருந்தது. சர்வர் விழும் வரை அதைக் கேட்க யாரும் இல்லை.

டிரைவ் மாற்றும் வேலைகளில் மிகச் சாதாரணமாக விடுபடுவது இது என்பது என் அனுபவம். டிரைவை மாற்றுபவர் வன்பொருள் ஆள். பேக்கப்பைச் சரிபார்ப்பவர் ஆபரேட்டர். புரொஃபைலைத் தொடுபவர் மூன்றாவது ஒருவர். மூவரும் தங்கள் வேலையை முடித்துவிட்டுப் போவார்கள், மூவரின் சோதனைப் பட்டியலிலும் இந்த ஒரு வரி இருக்காது.

அடையாளத்தைப் புது அட்டைக்கு மாற்றினோம். புரொஃபைலில் மாற்றியதை ஓடிக்கொண்டிருக்கும் பார்ட்டிஷன் எடுத்துக்கொள்ளாது. பார்ட்டிஷனை நிறுத்திவிட்டு அந்தப் புரொஃபைலோடு மறுபடி செயல்படுத்த வேண்டும். செய்தோம். இம்முறை டிரைவ் விழித்தது.

இரண்டாவது முட்டுக்கட்டை: எந்தத் தலைமுறை

டிரைவ் விழித்தது, கார்ட்ரிட்ஜை ஏற்கவில்லை. பொருந்தாத ஊடகம் என்று சொல்லி நின்றது.

எல்டிஓ டிரைவ்களுக்கு நெடுங்காலமாக ஒரு விதி இருந்தது. தன் தலைமுறைக்கு இரண்டு தலைமுறை முந்தைய கார்ட்ரிட்ஜ் வரை படிக்கும், ஒரு தலைமுறை முந்தையது வரை எழுதும். 2000-இல் 100 ஜிபி கொள்ளளவோடு வந்த முதல் தலைமுறையிலிருந்து எல்டிஓ-7 வரை இந்த விதி நின்றது. எல்டிஓ-7 டிரைவ் எல்டிஓ-5 கார்ட்ரிட்ஜைப் படிக்கும். ஆனால் 2017-இல் வந்த எல்டிஓ-8 அந்த விதியை முறித்தது. அது எல்டிஓ-8, எல்டிஓ-7 இரண்டை மட்டுமே படிக்கும். எல்டிஓ-6 கார்ட்ரிட்ஜை அதில் போட்டால் ஒன்றும் கிடைக்காது.

புது டிரைவ் வாங்கும் கோப்பில் “பழைய டேப்களைப் படிக்கும், இரண்டு தலைமுறை” என்று ஒருவர் கைப்பட எழுதியிருந்ததைப் பிறகு பார்த்தோம். அவர் மனத்தில் இருந்தது பல ஆண்டுகளாக உண்மையாக இருந்த விதி. புது டிரைவ் வந்ததும் பயனர் தரவு அன்றிரவே புது கார்ட்ரிட்ஜில் ஏறத் தொடங்கிவிட்டது. அதனால் பழைய கார்ட்ரிட்ஜ்களை எடுத்துப் போட்டுப் பார்க்கும் தேவையே எழவில்லை. எல்லா டேப்களும் புதிதாகிவிட்டன, ஒன்றைத் தவிர. சர்வரை எழுப்பக்கூடிய ஒரே டேப் அதுதான்.

இங்கே வேறு வழி இல்லாமல் இல்லை. ஐபிஎம் வழங்கிய 7.3 நிறுவல் ஒளிவட்டுகள் அலமாரியில் இருந்தன. அவற்றிலிருந்து எல்ஐசி, இயங்குதளம், உரிமம் பெற்ற நிரல்கள் ஆகியவற்றை நிறுவி, அதன் மேல் 23-இல் எடுத்த பயனர் தரவை ஏற்றலாம். பயனர் கணக்குகளும் சாதன அமைப்புகளும் 23-இல் அடக்கம் என்பதால் இது வேலைசெய்யும் வழிதான். ஆனால் சிஸ்டம் மதிப்புகள், நெட்வொர்க் பண்புகள், தானியங்கிப் பதில் பட்டியல், கட்டளைகளின் இயல்புநிலை மாற்றங்கள் எல்லாம் எஸ்ஏவிசிஸ் டேப்பில்தான் இருக்கும், 23-இல் வராது. போட்ட திருத்தங்களும் அப்படியே. பல ஆண்டுகளாகச் சிறிது சிறிதாக மாற்றி அமைத்தவற்றை நினைவிலிருந்து மறுபடி கட்டுவது என்றால், சர்வர் ஓடத் தொடங்கிய பிறகும் வாரக்கணக்கில் சின்னச் சின்னக் குறைகள் வந்துகொண்டே இருக்கும். ஒளிவட்டு வழியைக் கடைசிக் கையிருப்பாக வைத்துக்கொண்டோம்.

அந்த இடத்தைக் காப்பாற்றியவர் பேக்கப்பைக் கவனித்துவந்த மூத்த ஆபரேட்டர். கழிவுப் பொருள் பட்டியலில் பழைய எல்டிஓ-6 டிரைவ் சேர்க்கப்பட்டபோது, அதைப் படிக்கும் டேப்கள் இன்னும் கிடங்கில் இருக்கின்றன என்று சொல்லி அவர் கையெழுத்துப் போட மறுத்திருக்கிறார். டிரைவையும் அதன் எஸ்ஏஎஸ் கேபிளையும் சேர்த்துச் சுற்றி, மேலே பேப்பர் ஒட்டி, அலமாரியின் அடித்தட்டில் வைத்திருந்தார். இந்த நிகழ்வில் சரியாக நடந்தவற்றுள் முதலிடம் அதற்குத்தான். அன்று அவர் கையெழுத்துப் போட்டிருந்தால் இந்த ஆய்வு வேறு மாதிரி இருந்திருக்கும்.

எழுந்த விதம்

பழைய டிரைவைப் பழைய அட்டையிலேயே இணைத்தோம். அடையாளம் மறுபடி பழைய அட்டைக்குப் போனது. பார்ட்டிஷனை நிறுத்தி, புரொஃபைலோடு செயல்படுத்தியதும் டிரைவ் ஓடத் தொடங்கியது. கன்சோலில் முதலில் வந்தது மொழிக்குழுத் திரை. அதில் 2924, அதாவது ஆங்கிலம். அடுத்து எல்ஐசி நிறுவும் மெனு.

இந்த மெனுவில் நிதானம் வேண்டும். 1 எல்ஐசியை மட்டும் திரும்ப எழுதும். வட்டில் உள்ள தரவைத் தொடாது. 2 எல்ஐசியை நிறுவி சர்வரைத் துடைத்துப் புதிதாக்கும். 3 எல்ஐசியை நிறுவி வட்டு அமைப்பை மீட்டெடுக்கும். லோட் சோர்ஸ் நலமாக இருந்து எல்ஐசி மட்டும் சிதைந்திருந்தால் 1 போதும். லோட் சோர்ஸ் போய், தனியாக யூசர் ஏஎஸ்பிகள் இருந்து அவற்றின் தரவைக் காக்க வேண்டுமானால் 3. எங்களுக்கு எஞ்சியிருந்தது எதுவும் இல்லை, யூசர் ஏஎஸ்பியும் இல்லை. ஆகவே 2. அதை அழுத்தும் முன் வட்டுகளின் நிலையையும், கிடங்கிலிருந்து வந்த நேற்றிரவு 23 டேப்களையும் இருவர் தனித்தனியாகச் சரிபார்த்தார்கள். சர்வர் கேட்கும் உறுதிப்பாட்டுத் திரை சாவியை அழுத்துபவரின் கவனத்தைத்தான் சோதிக்கும். வட்டில் காப்பாற்ற ஏதாவது இருக்கிறதா என்ற கேள்விக்கு மனிதர்கள்தான் பதில் சொல்ல வேண்டும். சோர்வான வேளையில் 1-க்குப் பதில் 2 அழுத்தி நல்ல வட்டுகளைத் துடைத்துவிடும் ஆபத்து எல்லா இடத்திலும் உண்டு. இந்தத் திரைக்கு எப்போதும் இரண்டு பேர் இருக்க வேண்டும் என்பதில் எனக்கு ஐயமே இல்லை.

எல்ஐசி ஏறியதும் டிஎஸ்டி எனப்படும் சேவைக் கருவிகளுக்குள் போய் மற்ற வட்டுகளைச் சிஸ்டம் ஏஎஸ்பியில் சேர்த்து, மிரரிங்கைத் தொடங்கினோம். டிஎஸ்டிக்குள் நுழைய சேவைக் கருவிப் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் வேண்டும். பாதுகாப்பு அதிகாரிக்கான கணக்கின் பெயர் க்யூசெக்ஆஃபர். இயங்குதளத்தின் க்யூசெக்ஆஃபர் கணக்கும் சேவைக் கருவிகளின் க்யூசெக்ஆஃபர் கணக்கும் பெயரில்தான் ஒன்று. கடவுச்சொற்கள் வேறு வேறு. இயங்குதளம் இல்லாத சர்வரில் முதலாவதால் பயனில்லை. நல்ல வேளையாக இந்த நிறுவனத்தில் இரண்டாவதன் கடவுச்சொல்லை முத்திரையிட்ட உறையில் வைத்திருந்தார்கள்.

பிறகு அதே டேப்பிலிருந்து இயங்குதளம், அதன் பின் ஐபிஎம் நூலகங்கள். பயனர் கணக்குகள், சாதன அமைப்புகள், பயனர் நூலகங்கள், ஆவணங்கள், கோப்பகங்கள் எல்லாம் நேற்றிரவின் எல்டிஓ-8 டேப்களிலிருந்து. எல்லாம் முடிந்த பின் ஆர்எஸ்டிஏயூடி கட்டளையால் தனிப்பட்ட அனுமதிகள். இந்த வரிசை மாறக் கூடாது. கணக்குகள் முதலில் வந்தால்தான் கோப்புகளுக்கு உரிமையாளர் கிடைப்பார். கோப்புகள் வந்த பிறகுதான் அனுமதிகள் ஒட்ட இடம் இருக்கும்.

இடையில் ஒரு சின்னத் தடங்கல். புதிதாக எழுந்த இயங்குதளம் பழைய டிரைவுக்கு முதல் டேப் பெயரைக் கொடுத்துவிட்டது. நேற்றிரவின் அமைப்புகளில் அந்தப் பெயர் எல்டிஓ-8 டிரைவுக்கு உரியது. அமைப்புகளைத் திரும்ப ஏற்றும் முன் பழைய டிரைவின் சாதனத்தை நிறுத்தி, வன்பொருள் வளங்களின் பெயர்களை ஒழுங்குபடுத்தினோம். இரண்டு டிரைவ்கள் ஒரே நேரத்தில் இருக்கும் மீட்புகளில் இதை முன்கூட்டியே எதிர்பார்க்கலாம்.

சர்வர் எழுந்தது. நேற்றிரவுக்குப் பின் காலையில் பதிந்த ஆர்டர்கள் போய்விட்டன. அவற்றை அச்சிட்ட தாள்களிலிருந்து மறுபடி உள்ளிட்டார்கள். கடைசி 22-க்குப் பிறகு போட்ட திருத்தங்களையும் மறுபடி போட வேண்டியிருந்தது.

மாற்றியவை

அந்த வார இறுதியிலேயே நிர்வாகம் சர்வரை நிறுத்த நேரம் தந்தது. எல்டிஓ-8 டிரைவில் 21-ஐ ஓட்டி முழுச் சேமிப்பு எடுத்தோம். புரொஃபைலின் அடையாளம் எல்டிஓ-8 இருக்கும் அட்டைக்கு நிரந்தரமாக மாறியது. இதெல்லாம் எதிர்பார்க்கக்கூடியவை. எனக்கு முக்கியமாகப் படுவது சோதனை முறைதான்.

டேப்பிலிருந்து தொடங்குவதைச் சோதிக்கச் சர்வரைத் துடைக்க வேண்டியதில்லை. எஸ்ஏவிசிஸ் டேப்பைப் போட்டு, டி, மேனுவல் என்று வைத்துத் தொடங்கினால், மொழிக்குழுத் திரையைத் தாண்டி எல்ஐசி நிறுவும் மெனு வரை வரும். அதுவரை லோட் சோர்ஸில் எதுவும் எழுதப்படாது. அந்த மெனு வந்தாலே பெரும்பகுதி நிரூபணமாகிவிடும். அடையாளமிட்ட அட்டை சரி, டிரைவ் சரி, கேபிள் சரி, கார்ட்ரிட்ஜின் தலைமுறை சரி, டேப்பின் தொடக்கத்தில் எல்ஐசி இருக்கிறது, அந்த எல்ஐசி இந்த டிரைவை அறிந்திருக்கிறது, கன்சோல் வேலைசெய்கிறது. அங்கேயே நிறுத்திவிட்டு, வகையை பி-க்கும் முறையை நார்மலுக்கும் மாற்றி வழக்கம்போல் தொடங்கலாம். எந்தத் தேர்வையும் அழுத்தக் கூடாது. இதற்கும் இரண்டு பேர் வேண்டும்.

இந்தச் சோதனை சொல்லாதவையும் உண்டு. டேப்பின் பிற்பகுதியில் உள்ள பயனர் தரவு படிக்குமா என்று அது சொல்லாது. மீட்டபின் சர்வர் சரியாக இயங்குமா என்றும் சொல்லாது. அவற்றுக்கு வேறொரு பார்ட்டிஷனில் முழு மீட்பு செய்து பார்ப்பதைத் தவிர வழியில்லை. ஆனால் முழு மீட்புக்கு இடமும் நேரமும் கிடைக்காத இடங்களில், மெனு வரை வரும் இந்தச் சோதனையையாவது செய்யாமல் விடுவதற்கு எந்தக் காரணமும் எனக்குப் படவில்லை. அந்த நிறுவனத்தில் இப்போது டிரைவ், அட்டை, புரொஃபைல், எல்ஐசி ஆகியவற்றில் எதை மாற்றினாலும் அந்த வேலை முடிந்ததாகக் கையெழுத்தாவது இந்த மெனுவைப் பார்த்த பிறகுதான்.

க்யூசிஸ்ஓபிஆர் வரிசையையும் சரிசெய்தார்கள். பிரிண்டர் செய்திகள் தனி வரிசைக்குப் போயின. வட்டுப் பாதுகாப்பு பற்றிய செய்திகள் நேராகப் பொறுப்பாளரின் கைபேசிக்குப் போகின்றன.

டேப் நூலகமும் குறியாக்கமும்

இந்த நிறுவனத்தில் தனி டிரைவ்தான். தானியங்கி டேப் நூலகம் வைத்திருப்பவர்களுக்குக் கூடுதலாக ஒரு பாடம் இருக்கிறது. இயங்குதளம் ஏறாத சர்வருக்கு நூலகத்தின் கையை இயக்கத் தெரியாது. டி தொடக்கத்தின்போது சரியான கார்ட்ரிட்ஜை நூலகத்தின் முகப்புப் பலகையிலிருந்து நாமே டிரைவில் ஏற்ற வேண்டும், அல்லது நூலகத்தை வரிசை முறைக்கு மாற்ற வேண்டும். சேமிப்புச் சாதனங்களை இணைக்கும் ஃபைபர் சேனல் சுவிட்ச் வழியே பல டிரைவ்கள் ஒரே அட்டைக்குத் தெரியும்படி இருந்தால் இன்னும் கவனம். மீட்பு வேளையில் ஒரே டிரைவ் மட்டும் தெரியும்படியும், அதில் மட்டும் டேப் இருக்கும்படியும் செய்துகொள்வது நல்லது. பழைய ஃபைபர் சேனல் அட்டைகள் சிலவற்றின் பின்னால் உள்ள டேப்பிலிருந்து நேரடியாகத் தொடங்கவே முடியாது. அங்கே ஒளிவட்டிலிருந்து எல்ஐசியைத் தொடங்கி, பிறகு டேப்பை மாற்று நிறுவல் சாதனமாகக் கொண்டு மற்றதை ஏற்ற வேண்டும். அந்த மாற்று நிறுவல் சாதனத்தை டிஎஸ்டியில் இயக்கி வைக்க வேண்டும்.

எல்டிஓ-4 முதல் டிரைவிலேயே குறியாக்கம் உண்டு. நூலகம் வழியே குறியாக்கம் செய்பவர்கள் சாவிகளைத் தரும் சர்வர் எங்கே ஓடுகிறது என்று இன்றே பார்த்துவிட வேண்டும். மீட்கப்பட வேண்டிய சர்வரிலேயே சாவிச் சர்வரும் ஓடினால், அந்த டேப்பைத் திறக்கும் சாவி அந்த டேப்புக்குள்ளேயே அடைபட்டுவிடும்.

இதே பவர் வன்பொருளில் ஐபிஎம்மின் யுனிக்ஸ் இயங்குதளமான ஏஐஎக்ஸ் ஓட்டுபவர்களுக்கும் டேப் தொடக்கம் உண்டு. அங்கே எம்கேசிஸ்பி கட்டளை டேப்பில் நான்கு பகுதிகளை எழுதும். முதலில் தொடக்கப் பிம்பம், பிறகு நிறுவலுக்கான சிறு கோப்புகள், பிறகு ஒரு வெற்று அட்டவணை, நான்காவதாக இயங்குதளம் இருக்கும் ரூட்விஜி தொகுதியின் தரவு. முதல் மூன்றும் 512 பைட் அளவுத் துண்டுகளாக இருக்கும். பிரதி எடுக்கும்போது எல்லாவற்றையும் ஒரே பெரிய அளவில் எழுதிவிட்டால், தரவு அப்படியே இருந்தும் டேப் தொடங்காது. குடும்பம் வேறு, சிக்கல் அதேதான்.

டேப்பை ஏன் விடவில்லை

மீட்புக்குப் பின் நடந்த கூட்டத்தில், டேப்பையே விட்டுவிட்டு வேறு வழிக்குப் போகலாமா என்ற கேள்வி வந்தது. வழிகள் இருக்கின்றன. இந்தத் தலைமுறைச் சர்வர்கள் யுஎஸ்பி ஃப்ளாஷிலிருந்தும் தொடங்கும். நெட்வொர்க்கில் கோப்புகளைப் பகிரும் என்எஃப்எஸ் வழியே வேறொரு சர்வரில் உள்ள பிம்பங்களிலிருந்தும் ஐபிஎம் ஐ-யை நிறுவலாம். பார்ட்டிஷன்களுக்குச் சாதனங்களைப் பகிர்ந்து தரும் விஐஓஎஸ் இருந்தால் மெய்நிகர் ஒளிவட்டும் உண்டு. எல்ஐசியை மட்டும் வேகமாக எழுப்ப யுஎஸ்பி நல்ல துணை என்பதில் மாற்றுக் கருத்தில்லை. அப்படி ஒன்றைத் தயாரித்து இப்போது உறைக்குள் வைத்திருக்கிறார்கள்.

ஆனாலும் டேப்பைத் தக்கவைக்கவே பரிந்துரைத்தேன். நெட்வொர்க் வழித் தொடக்கம் இன்னொரு சர்வர் நலமாக இருப்பதை நம்பியிருக்கிறது. சுவிட்ச், முகவரி, அனுமதிகள் எல்லாம் ஒத்துழைக்க வேண்டும். ஒரே கட்டடத்தில் தீ என்றாலோ, நெட்வொர்க் முழுக்க ஊடுருவப்பட்டது என்றாலோ இரண்டும் சேர்ந்தே போகலாம். அலமாரியில் இருக்கும் கார்ட்ரிட்ஜை யாரும் தொலைவிலிருந்து அழிக்க முடியாது. எல்ஐசி, இயங்குதளம், பயனர் தரவு என்று 21-இல் எடுத்த சேமிப்பு முழுவதும் ஒரே ஊடகத் தொகுப்பில் இருப்பதால், வேறு ஊருக்குக் கொண்டுபோய் வேறொரு பவர் சர்வரில் போட்டாலும் தொடங்கலாம். கொள்ளளவிலும் குறையில்லை. எல்டிஓ-8 கார்ட்ரிட்ஜ் சுருக்காமலே 12 டிபி கொள்ளும். இந்தச் சர்வரின் மொத்தத் தரவும் அதில் ஒரு மூலையில் அடங்கிவிடும்.

டேப் கேட்கும் விலை, தலைமுறைகளைக் கவனிப்பது. எல்டிஓ-9 டிரைவ் எல்டிஓ-8-ஐப் படிக்கும், எல்டிஓ-7-ஐப் படிக்காது. 2025-இல் அறிவிக்கப்பட்ட எல்டிஓ-10 இன்னும் ஒரு படி மேலே போய், தன் தலைமுறைக் கார்ட்ரிட்ஜைத் தவிர எதையும் படிப்பதில்லை. அதனால் அந்த நிறுவனத்தின் கொள்முதல் விதியில் இப்போது இரண்டு வரிகள் சேர்ந்திருக்கின்றன. புது டிரைவ் பொருத்தப்படும் அதே நிறுத்த நேரத்திலேயே அதில் எஸ்ஏவிசிஸ் எடுத்து, எல்ஐசி மெனு வரை தொடங்கிப் பார்க்க வேண்டும். பழைய டிரைவை, அது எழுதிய கடைசி டேப்பின் காப்புக் காலம் முடியும் வரை, அதன் கேபிளோடும் அட்டையோடும் வைத்திருக்க வேண்டும். அதற்கான கையெழுத்து அந்த மூத்த ஆபரேட்டருடையது.